நெருஞ்சிமுள்ளும் பேராசிரியரின் பத்து ஊசியும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. லாச்சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு கார் து நோர் பக்கமாக நடந்து வந்தபோது அக்காவின் மகன் எதிரே வந்தான். பதினேழு வயது. புறநகரில் ஒரு கழகத்துக்கு உதைபந்தாட்டம் ஆடுகிறான். தோளில் விளையாட்டுப் பை, கையில் கறுப்பு நிறத்தில் ஒரு குளிசைப் போத்தல். என்ன தம்பி இது என்று கேட்டேன். ஆண் சுரப்பைக் கூட்டிப் பலம் தருகிற இயற்கை மருந்தாம். ஜிம்முக்கு வாற பெடியள் எல்லாரும் போடுறாங்களாம். மூன்று கிழமை போட்டதில் தான் தூக்குகிற பாரம் ஆறு கிலோ கூடிவிட்டதாம். விலை 39 யூரோ. அது அக்காவின் காசு என்பதை நான் கேட்காமலே தெரிந்துகொண்டேன்.

போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு லத்தீன் பெயர்: ட்ரிபியூலஸ் டெரெஸ்ட்ரிஸ். ஊரில் செருப்பில்லாமல் ஓடித் திரிந்த எவருக்கும் இந்தச் செடியைத் தெரியும். மஞ்சள் பூப் பூத்து, தரையோடு படர்ந்து, காய்ந்த பிறகு காலில் ஏறுமே, அந்த நெருஞ்சிதான். எங்கள் குதிக்காலில் இலவசமாகக் குத்தின முள்ளை மருமகன் 39 யூரோ கொடுத்து விழுங்குகிறான். சிரிப்பு வந்தது. ஆனால் அந்த ஆறு கிலோக் கணக்கு என்னைச் சிரிக்க விடவில்லை. ஏனென்றால் இதே பரிஸில், 1889ஆம் ஆண்டு, இவனைவிட 55 வயது மூத்த ஒருவர் ஏறக்குறைய இதே கணக்கைச் சொல்லியிருக்கிறார். ஆறிலிருந்து ஏழு கிலோ. அவர் ஜிம் பெடியன் இல்லை. அந்தக் காலத்து மருத்துவ உலகத்தின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவர். ஷார்ல்-எடுவார்ட் பிரவுண்-செக்கார்.

இவருடைய கதை எங்கட ஆட்களுக்குத் தெரியவேண்டிய கதை. ஒரு காரணம், இவரும் ஒரு வந்தேறிதான்.

1817 ஏப்ரல் 8 அன்று மொரிசியஸ் தீவில் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் பிறந்தார். பிரெஞ்சுக்காரர் பாண்டிச்சேரிப் பக்கமிருந்து கூட்டிப்போன தமிழ்க் கைவினைஞர்கள் அதற்கு முன்னரே குடியேறியிருந்த ஊர் அது. தகப்பன் எட்வேர்ட் பிரவுண் அமெரிக்கக் கப்பல் கப்டன். கடலுக்குப் போனவர் பிள்ளை பிறக்கும் முன்னரே கடலோடு போய்விட்டார். தாய் ஷார்லொட் செக்கார் பிரெஞ்சு வழி வந்தவர். தீவோ அப்போது பிரித்தானியர் கையில். ஆக, தகப்பன் வழியில் அமெரிக்கன், சட்டப்படி பிரித்தானியப் பிரசை, வாயில் பிரெஞ்சு. நீ எந்த நாடு என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் எங்கட பிள்ளைகள் ஒரு கணம் யோசிப்பார்களே, இவருக்கும் அதே நிலைமைதான். தாயின் மீதிருந்த பாசத்தில் அவருடைய குடும்பப் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

1838இல் தாயையும் கூட்டிக்கொண்டு பரிஸுக்கு வந்தார். வந்தது வைத்தியம் படிக்க இல்லை, எழுத்தாளராக. கையெழுத்துப் பிரதிகளைத் தூக்கிக்கொண்டு அக்காலத்துப் பிரபல எழுத்தாளர் ஷார்ல் நொடியேயிடம் போனார். நொடியே படித்துப் பார்த்துவிட்டு, வேறு தொழில் பார்ப்பது நல்லது என்ற கருத்தைச் சொல்லி அனுப்பிவிட்டார். அதன் பிறகுதான் வைத்தியம். தாய் வீட்டில் மொரிசியஸிலிருந்து வந்த மாணவர்களைத் தங்கவைத்துச் சமைத்துப் போட்டு மகனைப் படிப்பித்தார். அறையை வாடகைக்குக் கொடுத்துப் பிள்ளையைப் படிப்பித்த தாய்மார் இங்கே எத்தனை பேர்! 1846இல் பட்டம் கிடைத்தபோது அதைப் பார்க்க அந்தத் தாய் உயிரோடு இல்லை.

முள்ளந்தண்டு வடம் பற்றிய இவருடைய ஆராய்ச்சியை இன்றைக்கும் எந்த மருத்துவக் கல்லூரியிலும் படிக்காமல் தப்ப முடியாது. வடத்தின் ஒரு பாதி மட்டும் அறுபட்டால், அறுபட்ட பக்கத்தில் தசை வேலை செய்யாது. ஆனால் நோவும் சூடு குளிரும் தெரியாமல் போவது எதிர்ப்பக்கத்தில். நோவைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் வடத்துக்குள் பக்கம் மாறிக் கடக்கின்றன என்பதை விலங்குகளில் வெட்டிக் காட்டியவர் இவர். அந்த நோய்நிலைக்கு இன்றும் இவர் பெயர்தான்.

ஆள் சாதாரண ஆள் இல்லை. தன் உடம்பையே ஆய்வுக்கூடமாக வைத்திருந்தவர். இரைப்பைச் சாறு எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்கு நூலில் கட்டிய பஞ்சை விழுங்கி வெளியே இழுத்தார். அதைச் செய்து செய்து, சாப்பிட்டது மாடு அசை போடுவதுபோல வாய்க்குத் திரும்பி வருகிற பழக்கம் ஆயுள் முழுக்க அவரை விடவில்லை. 1851இல் தலை துண்டிக்கப்பட்ட ஒரு கைதியின் கைக்குள் தன் இரத்தத்தைச் செலுத்தி, விறைத்த தசை திரும்பவும் துடிக்கிறதா என்று பார்த்தார். 1854இல் மொரிசியஸில் கொலரா பரவியபோது பிறந்த ஊருக்குப் போய் நோயாளிகளைப் பார்த்தார். அங்கே நோயாளிகள் வாந்தியெடுத்ததையே விழுங்கி, அபின் கொலராவைத் தடுக்கிறதா என்று தன்னில் சோதித்தார். பிறகு அமெரிக்காவில் வேர்ஜினியா மாநிலத்து ரிச்மொண்டில் படிப்பித்த காலத்தில், தோலின் வேலை என்னவென்று அறிய உடம்பு முழுக்க வார்னிஷ் பூசிக்கொண்டு மயங்கிக் கிடந்தவரை ஒரு மாணவர்தான் கண்டு காப்பாற்றினார்.

இதையெல்லாம் நான் சொல்வது ஆளைப் பைத்தியக்காரராகக் காட்டுவதற்கு இல்லை. இவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்பதை நீங்கள் முதலே மனதில் வைக்கவேண்டும் என்பதற்காக. உண்மையை அறிய உயிரையே பணயம் வைத்த மனிசன். அதுதான் இந்தக் கதையின் சிக்கல்.

1856இல் இன்னொரு பெரிய விசயம். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கும் சின்னச் சுரப்பிகளை அகற்றினால் விலங்குகள் செத்துப்போவதைக் காட்டினார். ஏதோ ஒரு பொருளை இந்த உறுப்புகள் நேரே இரத்தத்துக்குள் விடுகின்றன என்ற எண்ணத்துக்குப் பலம் சேர்த்த வேலைகளில் அது ஒன்று. ஹோர்மோன் என்ற சொல் பிறக்க இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. அதே ஆள், காயப்படுத்தி வலிப்பு வரவைத்த கினிப் பன்றிகளின் குட்டிகளுக்கும் அந்த வலிப்பு பரம்பரையாகப் போகிறது என்றும் சொன்னார். டார்வினே அதை எடுத்து எழுதினார். அது பிழை. ஆக, சரியும் பிழையும் ஒரே கையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன.

லண்டனில் வலிப்புக்கும் பக்கவாதத்துக்குமான மருத்துவமனை, பிறகு ஹார்வர்ட், திரும்பப் பரிஸ், திரும்ப அமெரிக்கா என்று அலைந்தார். கடைசியில் 1878இல் குளோட் பேர்னார் இறந்தபோது கொலேஜ் து பிரான்ஸில் அவருடைய ஆசனம் இவருக்குக் கிடைத்தது. அந்தப் பதவிக்காகத்தான் பிரெஞ்சுக் குடியுரிமையே எடுத்தார். அப்போது வயது 61. எங்கட ஆட்கள் பிரெபெக்தூர் வாசலில் நின்ற கதைகளை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கார் து நோரிலிருந்து பி ரயிலில் இரண்டாவது தரிப்பு சென் மிஷேல். இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் அந்தக் கட்டடம் இருக்கிறது.

இனி 1889.

பேராசிரியருக்கு 72 வயது. களைப்பு. ஆய்வுக்கூடத்தில் அரை மணித்தியாலம் நின்றால் கால் கெஞ்சுகிறது. விதை அகற்றப்பட்ட ஆண்கள் பலமிழப்பதைப் பார்த்து, ஆண் விதையில் பலம் தரும் ஏதோ ஒன்று சுரக்கிறது என்று அவர் பல வருடமாகவே நம்பிவந்தார். மே 15 அன்று தொடங்கினார். இளம் நாயொன்றின் விதையைத் தண்ணீரில் நசித்து வடித்து, அந்தச் சாற்றைத் தன் தோலுக்குக் கீழே ஏற்றினார். பிறகு கினிப் பன்றிகளின் விதையிலிருந்து. மொத்தம் பத்து ஊசி. ஊசி போட்ட இடம் வீங்கிக் கடுமையாக நொந்தது. ஜூன் 1 அன்று பரிஸ் உயிரியல் கழகத்தில் எழுந்து நின்று முடிவைச் சொன்னார். அந்தக் கழகத்தை 1848இல் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். ஜூலையில் லண்டன் லான்செட் இதழிலும் எழுதினார்.

முடிவு என்ன? படிகளில் ஏறக்குறைய ஓடியே ஏற முடிகிறதாம். மணிக்கணக்கில் நின்று வேலை செய்ய முடிகிறதாம். மலச்சிக்கல் தீர்ந்ததாம். சிறுநீர் பாயும் தூரத்தைக்கூட அளந்திருக்கிறார், குறைந்தது காற்பங்கு கூடியிருந்ததாம். முக்கியமானது கைப்பலம். அதை அளக்க டைனமோமீற்றர் என்ற கருவியை வைத்திருந்தார். ஊசிக்கு முன் முன்னங்கைத் தசைகளின் சராசரி 34.5 கிலோ. ஊசிக்குப் பின் 41. ஊசியை நிறுத்தின பிறகு சில கிழமைகளில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

கவனியுங்கோ, இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. கருவி இருக்கிறது, இலக்கம் இருக்கிறது, முன்-பின் ஒப்பீடு இருக்கிறது, நிறுத்தினால் இறங்குகிறது என்பதும் இருக்கிறது. இன்றைக்கு ஒரு போத்தலின் விளம்பரத்தில் இவ்வளவும் இருந்தால் நானே நம்பியிருப்பேன். தான் நம்பியதாலேயே தன் உடம்பு அப்படி நடந்திருக்கலாம் என்ற சந்தேகத்தையும் அவரே எழுதி, மற்ற வயோதிப வைத்தியர்கள் செய்து பார்க்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். வாரியோ என்ற பரிஸ் வைத்தியர் மூன்று முதியவர்களுக்குப் போட்டுப் பார்த்து, அவர்களும் தேறினார்கள் என்று அறிவித்தார். பேராசிரியருக்கு அது போதுமாக இருந்தது. மூன்று பேர்.

எனக்கு இந்த இடத்தில்தான் ஆற்றாமை. ஏனென்றால் இதைச் சோதிக்கும் வழி பரிஸுக்கு அதற்கு நூறு வருடம் முன்னரே தெரிந்திருந்தது. 1784இல் மெஸ்மர் என்ற வைத்தியர் கண்ணுக்குத் தெரியாத காந்த சக்தியால் நோய் தீர்ப்பதாகச் சொல்லி நகரத்தையே கிறங்கடித்துக்கொண்டிருந்தார். பதினாறாம் லூயி மன்னர் ஒரு விசாரணைக் குழுவைப் போட்டார். பெஞ்சமின் பிராங்க்ளின், லவோசியே எல்லாம் அதில். பஸியில் பிராங்க்ளின் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்தில் ஒரேயொரு மரத்துக்கு மட்டும் காந்தம் ஏற்றினார்கள். பன்னிரண்டு வயதுப் பையனின் கண்ணைக் கட்டி, ஒவ்வொரு மரமாகக் கட்டிப்பிடிக்க விட்டார்கள். பையன் நாலாவது மரத்தில் மயங்கி விழுந்தான். காந்தம் ஏற்றின மரம் அது இல்லை. மயக்கம் உண்மை, காந்தம் பொய்.

பேராசிரியருக்கு யாரும் கண்ணைக் கட்டவில்லை. எந்த நாள் நாயின் சாறு, எந்த நாள் வெறும் தண்ணீர் என்று தெரியாமல் வேறொருவர் ஊசி போட்டிருந்தால், அந்த இலக்கத்துக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும். தானே ஊசி போட்டு, தானே கருவியை அமுக்கி, தானே வாசித்தார்.

பிறகு நடந்தது வியாபாரம். பத்திரிகைகள் ஆயுள் அமுதம் என்று எழுதின. பேராசிரியரும் உதவியாளர் தர்சொன்வாலும் சாற்றை வைத்தியர்களுக்கு இலவசமாகத்தான் அனுப்பினார்கள். அவர் இதில் காசு பார்த்தவர் இல்லை. பார்த்தவர்கள் வேறு ஆட்கள். விளையாட்டுக்காரர்களும் விடவில்லை. அதே 1889 ஓகஸ்டில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பேஸ்போல் அணியின் பந்துவீச்சாளர் பட் கல்வின் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டு பொஸ்டன் அணிக்கு எதிராக விளையாடி, 9-0 என்று வென்றார். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன வேணும் என்ற பாணியில் ஒரு பத்திரிகை எழுதியது. கல்வின் ஊசி இல்லாமலே அதற்கு முன் நூற்றுக்கணக்கான ஆட்டங்களை வென்றவர் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. 1896இல் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் சோத், பிரெகல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தங்களுக்கே ஊசி போட்டு விரல்பலத்தை அளந்து, விளையாட்டு வீரர்களில் இதைச் சோதிக்கலாம் என்று எழுதினார்கள். பிரெகல் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவர். பெரிய மூளை இருந்தால் ஏமாறமாட்டோம் என்று நினைக்கவேண்டாம். 1939இல் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டன் வாண்டரர்ஸ் கழகத்து வீரர்களுக்குக் குரங்குச் சுரப்பி ஊசி போட்டதாகப் பெரிய ஆரவாரம். எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் போர்ட்ஸ்மத்திடம் 4-1 என்று தோற்றார்கள். தோல்விக்கு ஊசியைக் காரணம் சொன்னதாக எங்கேயும் நான் வாசிக்கவில்லை. வெற்றிக்கு மட்டும்தான் காரணம் தேடுவோம்.

பிரவுண்-செக்கார் 1894 ஏப்ரல் 2 அன்று, 77ஆவது பிறந்தநாளுக்கு ஆறு நாள் இருக்கும்போது காலமானார். மொன்பர்னாஸ் மயானத்தில் இருக்கிறார். கடைசிவரை தன் சாற்றை நம்பினார்.

அவர் முழுக்கப் பிழை என்று சொல்லவும் முடியாது. 1891இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் மறே என்ற இளம் வைத்தியர் இதே யோசனையில், செம்மறியாட்டின் தைரொயிட் சுரப்பிச் சாற்றைத் தைரொயிட் வற்றிப்போன ஒரு பெண்ணுக்கு ஏற்றினார். அந்தப் பெண் அதற்குப் பிறகு 28 வருடம் வாழ்ந்தார். ஒரே யோசனை, ஒன்று பலித்தது, மற்றது பலிக்கவில்லை. ஏன்? தைரொயிட் தன் சுரப்பைச் சேமித்து வைக்கிற உறுப்பு. விதை சேமிப்பதில்லை, உண்டாக்க உண்டாக்க இரத்தத்துக்குள் விட்டுவிடும். போதாததற்கு அந்தச் சுரப்பு கொழுப்பில் கரையுமே தவிர, தண்ணீரில் சரியாகக் கரையாது. பேராசிரியர் பிழிந்தது தண்ணீரில். 1935இல் அம்ஸ்டர்டாமில் டெஸ்டோஸ்டிரோனை முதன்முதலில் பிரித்தெடுத்தபோது, 100 கிலோ எருது விதையிலிருந்து கிடைத்தது 10 மில்லிகிராம். ஒரு நாயிடமிருந்து என்ன வந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கோ. 2002இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிலர் அவருடைய செய்முறையை அப்படியே செய்து பார்த்தார்கள். இன்றைய சிகிச்சைக்குக் கொடுக்கிற அளவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் அந்தச் சாற்றில் இருந்தது. உடம்பில் எதையும் செய்யப் போதாது.

இவ்வளவையும் மருமகனுக்குச் சொன்னேன். அக்கா வீட்டுக் குசினியில், தேத்தண்ணி ஆறிப்போகும் வரைக்கும். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டான். சாற்றில் ஒண்டும் இல்லையென்றால் பேராசிரியருக்கு அந்த ஆறு ஏழு கிலோ எங்கேயிருந்து வந்தது?

நல்ல கேள்வி. 1972இல் அமெரிக்காவில் ஏரியல், சவில் என்ற இருவர் பாரம் தூக்கும் ஆறு பேருக்கு ஸ்டீரொயிட் என்று சொல்லி வெறும் குளிசை கொடுத்தார்கள். நாலு கிழமையில் அவர்கள் தூக்கும் பாரம், அதற்கு முன் பயிற்சியால் மட்டும் கூடிவந்த வேகத்தைவிட நன்றாகக் கூடியது. மருந்து கிடைத்துவிட்டது என்று நினைக்கிறவன் இன்னும் கொஞ்சம் அழுத்துகிறான், கடைசி ஒரு முறை கூடத் தூக்கிப் பார்க்கிறான். பேராசிரியரும் கருவியை அப்படித்தான் அமுக்கியிருப்பார். மருமகனின் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. புதிதாகப் பாரம் தூக்கத் தொடங்கிய எவருக்கும் முதல் கிழமைகளில் பலம் கூடும். தசை பெருக்கும் முன்னரே நரம்புகள் அந்த அசைவைப் பழகிவிடும். அதோடு பதினேழு வயது உடம்பு, தானாகவே நாளுக்கு நாள் வளருகிறது. குளிசையை ஜிம்மில் சேர்ந்த கிழமையிலேயே தொடங்கினாயா என்று கேட்டேன். ஓம் என்றான்.

நெருஞ்சியையும் சோதித்திருக்கிறார்கள். 2007இல் வெளிவந்த ஆய்வில் அவுஸ்திரேலிய ரக்பி வீரர்கள் 22 பேரை இரண்டாகப் பிரித்து, ஐந்து கிழமை ஒரு பகுதிக்கு நெருஞ்சிக் குளிசை, மற்றதுக்கு வெறும் குளிசை. யாருக்கு எது என்று வீரர்களுக்குத் தெரியாது. இரண்டு பகுதிக்கும் பலம் கூடியது. வித்தியாசம் இல்லை. எங்கட நாட்டு வைத்தியத்தில் நெருஞ்சிக்கு ஒரு இடம் இருக்கிறது. அது நீர்க்கடுப்புக்கு, பாரம் தூக்க இல்லை.

எல்லாம் பொய் என்றும் நான் அவனுக்குச் சொல்லவில்லை. கிரியேட்டின் நிறையச் சோதனைகளைத் தாண்டி நிற்கிறது. அதைக் கண்டுபிடித்ததும் இந்தப் பரிஸ்காரர் ஷெவ்ரோல்தான், 1832இல், இறைச்சிச் சாற்றிலிருந்து. கோப்பியும் வேலை செய்யும். எனக்குப் பயம் வேறொன்றில். ஒலிம்பிக் குழுவின் ஆதரவில் 13 நாடுகளில் வாங்கிய 634 துணைஉணவுப் பொருட்களைச் சோதித்து 2004இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. அதில் 94இல், போத்தலில் எழுதாத ஸ்டீரொயிட் வகைகள் கலந்திருந்தன. அப்படியொன்று கையில் கிடைத்தால் குளிசை உண்மையிலேயே வேலை செய்யும். அதோடு பெடியனின் சொந்தச் சுரப்பும் படுத்துவிடும், கழகத்தில் சிறுநீர்ச் சோதனை வந்தால் இரண்டு வருடமோ நாலு வருடமோ வீட்டில் இருக்கவேண்டியதுதான். பிரான்ஸில் வாங்குகிறவர்கள் போத்தலில் இஎன் 17444 என்ற இலக்கம் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஊக்கமருந்து கலக்காமல் பார்த்துக்கொள்வதற்கான ஐரோப்பியத் தரம் அது. பொருள் வேலை செய்யும் என்பதற்கு அந்த இலக்கம் சாட்சி இல்லை, கலப்படத்துக்கு மட்டும்தான் காவல்.

மருமகனின் போத்தலில் அந்த இலக்கம் இல்லை. தேடித் தேடிப் பார்த்தான். பிறகு அதைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்தான். அக்கா பற்றுச்சீட்டை எடுத்துவந்து, திறந்த போத்தலைக் கடையில் திருப்பி எடுப்பாங்களோ என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.